மலைச்சரிவில் இரண்டு இருக்கைகள்

எங்கள் கல்லூரி மைதானத்தின் காலரி எந்த நேரமும் இடிந்து விழலாம் என்று பழைய மாணவர் சங்கம் முடிவு செய்திருந்தது. விழாது என்று நான் எழுத்துமூலம் தெரிவித்தேன். பொதுப்பணித்துறையில் கட்டடங்களைப் பார்த்தே தலை நரைத்தவன் என்ற முறையில் சொன்னேன். ஓய்வு பெற்ற பொறியாளரின் கருத்துக்கு என்ன மரியாதையோ அது கிடைத்தது. ஆனால் நான் மகளைப் பார்க்க மான்ட்ரியல் போகிறேன் என்று தெரிந்ததும் சங்கச் செயலாளர் திருச்சியில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். அந்த ஊரில் ஒரு பழைய கல்லூரிக் கால்பந்து மைதானத்தை இடிக்காமலே பெரிதாக்குகிறார்களாம், பார்த்து அறிக்கை தர வேண்டுமாம். பயணப்படி உண்டா என்று கேட்டேன். சிரித்தார். இல்லை என்பதற்கு அலுவலக மரபில் அதுதான் பதில்.

2009 வசந்தத்தில் போய் இறங்கினேன். வசந்தம் என்று அவர்கள் சொன்னார்கள். எனக்கு மார்கழி மாதிரி இருந்தது. மகள் கவிதாவின் வீடு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். அகலமான தெரு, வீட்டுக்கு இரண்டு கார், நடக்கிற மனிதர் கிடையாது. முருகன் கோயிலுக்கும் காரில்தான் போக வேண்டும். சாமி மட்டும்தான் அந்தப் பகுதியில் கார் ஓட்டாதவர் போலிருக்கிறது. அவருக்கு மயில் இருக்கிறது.

மறுநாள் காலைச் சிற்றுண்டி பேகல். உளுந்து வடையின் ஓட்டையும் நேற்றைய பரோட்டாவின் பிடிவாதமும் சேர்ந்தது. ஆனால் எள் தூவி, விறகு அடுப்பில் சுட்ட வாசனையோடு இருந்தது. இரண்டு சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குத் தனியாகப் போகிறேன் என்று கிளம்பினேன். "அப்பா, சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள் கவிதா. வரைபடம் படிக்கத் தெரிந்தவனுக்குத் துணை எதற்கு என்றேன்.

பஸ் பிடித்து, ஆரஞ்சுத் தடத்தில் மெட்ரோ ஏறினேன். அந்தத் தடம் லாட வடிவில் இருக்கிறது: வடக்கே தொடங்கி, தெற்கே நகர மையத்துக்கு இறங்கி, திரும்பவும் வடக்கே ஏறிவிடும். பயணக் களைப்பில் மையத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் கண் அசந்துவிட்டேன். விழித்தபோது பெட்டியில் யாரும் இல்லை. வெளியே வந்தால் ஆறு தாண்டி லவால் என்ற வேறு நகரத்தில் நிற்கிறேன். ஏறியது எப்படித் தடத்தின் வடக்கு முனையோ, இறங்கியதும் வடக்கு முனைதான். கொடுத்த காசுக்கு முழுத் தடத்தையும் பார்த்துவிட்டேன் என்ற ஆறுதலோடு மகளுக்கு போன் செய்தேன்.

"அங்கயே நில்லுங்க. ஜெரோமோட சித்தப்பா லவால்லதான் இருக்கார். வரச் சொல்றேன்."

ஜெரோம் என் மருமகன், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கக் குடும்பம். அவர் சித்தப்பா சூசையைக் கல்யாண வீடியோவில் மட்டும் பார்த்திருந்தேன். அரை மணியில் ஒரு பழைய வேன் வந்து நின்றது. அறுபதை நெருங்கும் மெலிந்த மனிதர், கதவைத் திறந்தபடியே கேட்டார்:

"என்ன அண்ணை, நித்திரை கொண்டிட்டியளோ?"

"இல்லைங்க. ஆய்வு செஞ்சுகிட்டு வந்தேன்."

"ஓம் ஓம். இந்த லைனை ஆய்வு செய்த சனம் கனபேர். போன மாசம் என்ரை மச்சானும் செய்தவர்."

அவர் வீடு லவாலின் மேற்குக் கோடியில். வழியில் ஒரு கடையில் நிறுத்தி பூட்டின் வாங்கித் தந்தார். உருளைக்கிழங்கு வறுவலை மொறுமொறுப்பாகச் செய்துவிட்டு, உடனே அதன்மேல் சூடான குழம்பை ஊற்றி நனைத்துவிடுகிறார்கள். ஏன் மொறுமொறுப்பாக்க வேண்டும், ஏன் நனைக்க வேண்டும் என்பதற்கு அந்த மாகாணத்தில் யாரிடமும் பதில் இல்லை. மேலே தூவிய பாலாடைக்கட்டி பல்லில் கீச்சிட்டது. முழுவதையும் சாப்பிட்டேன்.

நான் எங்கே போகக் கிளம்பினேன் என்று கேட்டதும் சூசையின் முகம் மாறியது.

"அந்த ஸ்டேடியமோ? எனக்கு அங்கை சீற் இருக்கு அண்ணை. இருந்தது. சனிக்கிழமைதான் தெரியும் இனி இருக்குமோ எண்டு. வாறியளோ? பழைய ஆக்களெல்லாம் புதுசா இடம் தெரிவு செய்யிற நாள். கோர்டனும் வருவார்."

"அவர் யார்?"

சூசை கொஞ்சம் யோசித்தார். "என்ரை பக்கத்து சீற்" என்றார்.

மீதியை வேனில் திரும்பி வரும்போது சொன்னார். அகதியாக வந்த புதிதில் நகர மையத்தில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். ஒரு நாள் மழைக்கு அந்த மைதானத்தின் வாசலில் ஒதுங்கி நின்றார். ஒரு வெள்ளைக்காரர் கையில் மிச்சச் சீட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவர்தான் கோர்டன். அவருடைய கூட்டாளி டொராண்டோவுக்குக் குடிபெயர்ந்துவிட்டான். கள்ள விலைக்குக் கேட்டவனுக்கு விற்க மனமில்லாமல், சீட்டைச் சூசையின் கையில் திணித்து உள்ளே இழுத்துப் போனார். அடுத்த வருடம் சூசை தன் பெயரிலேயே பக்கத்து இடத்துக்கு வருடச் சீட்டு எடுத்தார். அன்று முதல் எல்லா ஆட்டத்துக்கும் பக்கத்தில் பக்கத்தில்தான்.

"அவர் வீடு எங்க?"

"தெரியாது."

"போன் நம்பர்?"

"இல்லை. ஏன், மச் எப்ப எண்டு ரெண்டு பேருக்கும் தெரியும்தானே?"

சனிக்கிழமை சூசை என்னை அழைத்துப்போனார். மைதானம் மலைச்சரிவில் இருந்தது. இதை வரைபடம் சொல்லவில்லை, கால் முட்டிதான் சொன்னது. கீழே நகரத்தின் கண்ணாடிக் கட்டடங்கள், மேலே மரங்கள், பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரி. இரும்புச் சாரங்கள், மஞ்சள் தொப்பிக்காரர்கள், பாதி முடிந்த ஒரு மேல் அடுக்கு. வாசலில் எங்களுக்கும் ஆளுக்கொரு தலைக்கவசம் தந்தார்கள். கையெழுத்து வாங்காமல் தந்ததை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

கோர்டன் எங்களுக்கு முன்பே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர், நல்ல உயரம், காது வரை இழுத்த கம்பளித் தொப்பி, அதன்மேல் தலைக்கவசம். ஒரு கால் மட்டும் மடங்க மறுத்தது. சூசை என்னை அறிமுகப்படுத்தியதும், "நீங்கள் கட்டடப் பொறியாளராமே, எழுந்து வாருங்கள், காட்டுகிறேன்" என்றார். எழ வேண்டியது அவர்தான். அதற்குச் சற்று நேரமானது.

அவர் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையைக் குடைந்து, சரிவையே அஸ்திவாரமாக்கி, காங்கிரீட் படிகளை அதன்மேல் படுக்கவைத்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் இறந்த ஒரு பழைய மாணவரின் பெயரை வைத்தார்கள். பல காலம் கல்லூரிப் பையன்கள் மட்டும் ஆடினார்கள், அவர்களுடைய காதலிகள் மட்டும் பார்த்தார்கள். அப்புறம் ஒரு வருடம், ஊரின் தொழில்முறை அணிக்கு முக்கியமான ஆட்டம் வந்த நாளில், அவர்கள் ஆடும் பெரிய கூரை போட்ட அரங்கத்தைப் பாட்டுக் கச்சேரிக்கு விட்டிருந்தார்கள். போக்கிடம் இல்லாமல் இந்தப் பழைய மைதானத்துக்கு ஒரு நாள் வந்தார்கள். சீட்டு எல்லாம் தீர்ந்துபோனது. பிறகு திரும்பிப் போகவே இல்லை.

"தற்காலிக ஏற்பாடு" என்றேன்.

"அதேதான்."

எங்கள் துறையில் தற்காலிகம் என்று கட்டியவைதான் இன்றும் நிற்கின்றன என்று சொன்னேன். கோர்டன் தலையாட்டினார். இதை எந்த ஊர்க்காரரும் மொழிபெயர்ப்பு இல்லாமல் புரிந்துகொள்கிறார்.

அவர்கள் ஆடுவது நம் கால்பந்து இல்லை என்பதும் அங்கேதான் தெரிந்தது. பந்து மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கும். பெரும்பாலும் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள். சங்கத்துக்கு இதைச் சொல்லத் தேவையில்லை என்று முடிவு செய்தேன். உட்கார்ந்து பார்ப்பவனின் எடை எந்தப் பந்துக்கும் ஒன்றுதான்.

பழைய காங்கிரீட்டைத் தடவிப் பார்த்தேன். குளிர்காலத்தில் ஈரம் உள்ளே போய், உறைந்து விரிந்து, தோலை உரித்திருந்தது. உரிந்ததைத் தட்டி எடுத்து, கம்பியைத் துலக்கி, புதுக் கலவை பூசியிருந்தார்கள். இடிப்பதைவிட இதற்கு நிதானம் அதிகம் வேண்டும். மலை பாதுகாக்கப்பட்ட பகுதி, ஒரு மரத்தின் கிளையைத் தொடவும் அனுமதி கேட்க வேண்டும் என்றார் கோர்டன். அதனால் அகலத்தில் போகாமல் இரும்புக் கால்களை ஊன்றி மேலே போயிருந்தார்கள். எவ்வளவு கோப்பு நகர்ந்திருக்கும் என்று நினைத்தபோது எனக்கு அந்த ஊர்மேல் முதல் தடவையாக ஒரு பாசம் வந்தது.

அவர்களுடைய பழைய இடத்துக்குப் போனோம். கீழ் அடுக்கு, ஓரத்து வரிசை, நாலே படி. கோர்டனின் காலுக்கு ஏற்றது. ஆனால் நீளப் பலகை பெஞ்சு போய், முதுகு சாயும் நாற்காலிகள் வந்திருந்தன. பெஞ்சில் ஆளுக்குப் பதினெட்டு அங்குலம் என்று எண் எழுதியிருப்பார்கள். நாற்காலி அதைவிட அதிகம் கேட்கும். அதே வரிசையில் ஆள் குறைந்துவிடுகிறது. சிலர் எழுந்துதான் ஆக வேண்டும்.

யார் எழ வேண்டும் என்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். கீழே கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த விதிகளை நான் முழுக்கப் படித்தேன். மற்ற யாரும் படித்ததாகத் தெரியவில்லை. எத்தனை வருடம் இடைவிடாமல் வருடச் சீட்டு வைத்திருக்கிறார்களோ அந்த மூப்பின்படி முறை வரும். முறை வந்தவர் மேலே போய், காலியான நாற்காலியில் கட்டியிருக்கும் மஞ்சள் நாடாவை அவிழ்த்துக்கொண்டு வந்து மேசையில் கொடுத்தால் இடம் அவருடையது.

கோர்டனுக்கு முதல் மணி நேரத்திலேயே முறை. சூசைக்கு மதியத்துக்குப் பிறகு.

"ஏங்க இவ்வளவு கீழ போயிட்டீங்க?"

"ஒரு வரியம் ஃபக்டரி மூடிப்போட்டாங்கள் அண்ணை. அந்த வரியம் சீட்டு எடுக்கேல்லை."

பணிமுறிவு. எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு வருட முறிவு முன்பிருந்த அத்தனை சேவையையும் தின்றுவிடும். ஆனால் அந்த வருடமும் அவர் எல்லா ஆட்டத்தையும் பார்த்திருக்கிறார். எங்கோ மூலையில் மலிவான சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வருவார். கோர்டன் கையசைப்பார். வரிசையே ஆளுக்கு இரண்டு அங்குலம் நகர்ந்து இடம் விடும். நம் ஊர் டவுன் பஸ்ஸில் மூவர் இருக்கையில் நாலாவது ஆள் உட்காரும் அதே முறைதான். அந்த ஊர் வெள்ளைக்காரர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது சூசையின் கோட்டுப் பையில் வந்த மட்டன் ரோல்ஸ் என்று நினைக்கிறேன். வெளி உணவு கொண்டுவரக் கூடாது என்ற விதியையும் சுவரில் படித்தேன். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

நாற்காலி நகராது. கைப்பிடி வேறு.

கோர்டனுக்கும் இது புரிந்திருந்தது. "என் முறையில் இரண்டு நாடா அவிழ்க்க முடியுமா?" என்று மேசையில் இருந்த பெண்ணிடம் கேட்டார். அவள் போன்ஷூர் என்று பிரெஞ்சில் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து ஆங்கிலத்துக்கு மாறினாள். "ஒருவருக்கு ஒன்றுதான், ஐயா."

நான் இரண்டு வழிகளை எடுத்துச் சொன்னேன். ஒன்று, நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தனி மேடை உண்டு. கூட ஒரு துணை உட்காரலாம். வைத்தியரிடம் சான்று வாங்கினால் இருவருக்கும் இடம் நிச்சயம். எனக்கே பெருமையாக இருந்தது.

"எனக்கு என்ன நோய்?" என்றார் கோர்டன்.

"கால்..."

"கால் சரியாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் சோம்பேறி."

"மற்ற வழி என்ன அண்ணை?" என்றார் சூசை.

"சேர்ந்து உட்கார விரும்புகிறவர்கள் சேர்ந்தே தேர்ந்தெடுக்கலாம். ஆனா இளையவரோட முறையிலதான். மூத்தவர் தன் மூப்பை விட்டுக்கொடுக்கணும். ஒருதரம் விட்டா திரும்பக் கிடைக்காது."

அப்படி ஒரு விதி இருப்பதைச் சொன்னேனே தவிர, அதை ஒருவர் பயன்படுத்துவார் என்று நான் நினைக்கவில்லை. என் துறையில் ஒரே நாளில் பணியில் சேர்ந்த இரண்டு உதவிப் பொறியாளர்கள், நீ முற்பகலில் சேர்ந்தாயா பிற்பகலில் சேர்ந்தாயா என்று தீர்ப்பாயம் வரை போனார்கள். இருவரும் ஓய்வு பெற்ற பிறகுதான் தீர்ப்பு வந்தது.

"வேண்டாம் கோர்டன்" என்றார் சூசை. "நீங்கள் பழைய இடத்திலை இருங்கோ. நான் எங்கையாவது இருந்து பார்ப்பன். இடைவேளையிலை வாறன்."

"இடைவேளையில் வந்து என்ன செய்வாய்? உனக்கு இன்னும் விதியே தெரியாது. எல்லாரும் கத்தும்போது கத்துகிறாய்."

"விளங்கினபடியாத்தான் கத்துறன்."

"போன வருடம் எதிரணிக்குக் கத்தினாய்."

கோர்டன் மேசைக்குப் போய்த் தன் முறை எண் எழுதிய அட்டையை நீட்டினார். அந்தப் பெண் இரண்டு முறை கேட்டாள். அவர் இரண்டு முறையும் ஒரே பதில் சொன்னார். அவள் அட்டையில் எதையோ அடித்து, சூசையின் முறை எண்ணை அதற்குமேல் எழுதினாள். அவ்வளவுதான். நான் அந்த மேசையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு காத்திருப்பு. பழைய வரிசையிலேயே போய் நின்றோம். கோர்டன் உட்காரவில்லை, உட்கார்ந்தால் பழகிவிடும் என்றார். ஓரத்தில் இரண்டு நாற்காலிகளில் இன்னும் மஞ்சள் நாடா இருந்தது. ஒவ்வொரு குடும்பமாக வந்து சுற்றிப் பார்த்துவிட்டு வேறு பக்கம் போனார்கள். அந்த இரண்டும் தப்பிக்கொண்டே இருந்தன. சூசை ஒவ்வொரு தடவையும் மூச்சை விட்டார்.

அடுத்து நடந்ததற்கு என் மூளை பொறுப்பில்லை, கைதான் பொறுப்பு. குளிருக்குக் கழுத்தில் சுற்றியிருந்த துண்டை எடுத்து அந்த இரண்டு நாற்காலிகள்மேலும் குறுக்கே போட்டுவிட்டேன். திருச்சி பஸ் நிலையத்தில் ஜன்னல் வழியாகப் போடுவேனே, அதே போல. சற்று முன்புவரை விதியை ஒப்பித்துக்கொண்டிருந்தவன் நான்.

சூசை சத்தமில்லாமல் சிரித்தார். "அண்ணை, இது கனடா."

ஆனால் துண்டு வேலை செய்தது. இரண்டு குடும்பங்கள் அதைப் பார்த்து மரியாதையாக விலகின. நீலக் கட்டம் போட்ட துணி ஏதோ அதிகாரபூர்வ அடையாளம் என்று நினைத்திருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். அந்தப் பெண் ஊன்றுகோலில் நின்றாள், காலில் கட்டு. தகப்பன் துண்டைக் காட்டி, இது யாருக்காவது ஒதுக்கியதா என்று பிரெஞ்சில் கேட்டார்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்பது அந்த நிமிடத்தில் வசதியாக இருந்தது. கோர்டன் மலையைப் பார்த்தார். சூசைதான் பதில் சொன்னார், தொழிற்சாலையில் கற்ற பிரெஞ்சில். சொல்லிவிட்டு எனக்குத் தமிழில் சொன்னார்:

"துண்டு உங்கடை, சீற் ஒருத்தற்றையும் இல்லை எண்டு சொன்னனான்."

அவர் துண்டை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தார். தகப்பன் இரண்டு நாடாக்களையும் அவிழ்த்தார். மெர்சி என்றாள் அந்தப் பெண். அவர்கள் போன பிறகு சூசை அந்த நாற்காலியின் முதுகை ஒருமுறை தடவினார், கடையில் வாங்காத துணியைத் தடவுவதுபோல.

அவர்கள் முறை வந்தபோது கீழே சேர்ந்தாற்போல் இரண்டு இடம் எங்கும் இல்லை. மிச்சமிருந்தது புது மேல் அடுக்கின் உச்சி. கோர்டன் படிகளை அண்ணாந்து பார்த்தார். நான் அவருக்கு மறுபடியும் மேடையைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். கைப்பிடிக் கம்பியைப் பற்றி, நல்ல காலை முதலில் வைத்து, சோம்பேறிக் காலை இழுத்து ஏறினார். சூசை ஒரு படி கீழே பின்னாலேயே வந்தார், தொடாமல், ஆனால் இரண்டு கையும் தயாராக. வழியில் நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம் கோர்டன் பூகோளம் நடத்தினார்: இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் துறைமுகம். பாடம் நீளமாக இருந்தால் முட்டி அதிகம் வலிக்கிறது என்று புரிந்துகொண்டோம்.

உச்சியில் நாற்காலி இல்லை. மலிவான அடுக்கு என்பதால் அலுமினியப் பெஞ்சு போட்டிருந்தார்கள். எண்கள், நடுவில் ஒரு கோடு, பதினெட்டு அங்குலம்.

கோர்டன் உட்கார்ந்தார். பக்கத்தில் சூசை உட்கார்ந்தார். கோர்டன் பெஞ்சைக் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நிற்காதீர்கள். தள்ளி உட்காருகிறோம்" என்றார். நகர்ந்தார்கள். எனக்கும் இடம் இருந்தது. சூசை இரண்டு நாடாவையும் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார்.

இறங்குவதுதான் ஏறுவதைவிடக் கடினம். பாதியில் கோர்டன் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. சூசை அவர் முன்னால் குந்தினார்.

"இனி நீங்கள் பஸ்ஸிலை வரக் கூடாது. நான் வந்து ஏத்திறன். வீடு எங்கை?"

இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்ட கேள்வி. கோர்டன் முட்டியைத் தேய்த்துக்கொண்டார். யாராவது வந்து ஏற்றிப்போகும் மனிதனாகத் தான் ஆகிவிட்டோமா என்று யோசித்தார் போலிருந்தது.

"இல்-பிசார்" என்றார் கடைசியில்.

அது டொலார்டுக்கு வடக்கே ஆற்றில் ஒரு தீவு, என்னை இறக்கிவிடும் வழியில் சிறிது சுற்று. அன்று மாலையே வேனில் மூவரும் போனோம். பாலம் தாண்டி, மரங்களுக்கு நடுவே போய், தண்ணீரைப் பார்த்த ஒரு சின்ன வீட்டின் முன் கோர்டன் நிறுத்தச் சொன்னார். சூசை இறங்கி, வீட்டைப் பார்க்காமல் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கார் ஏற்றும் சின்னப் படகொன்று அங்கிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது.

"அது லவால்தானே?" என்றார்.

"ஆமாம். பனி உருகியதும் படகு ஓடும்."

"கோர்டன், அந்தத் துறைக்குப் பக்கத்திலைதான் நான் ஞாயிற்றுக்கிழமையளிலை மீன் பிடிக்கிறனான். இங்காலை வெளிச்சம் தெரியும். ஆரோ பணக்காரன் எண்டு நினைச்சனான்."

"அது வாசல் விளக்கு" என்றார் கோர்டன். "அணைக்க மறந்துவிடுவேன்."

பிறகு தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். சூசை தன் சேறு படிந்த ஷூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஏற்கனவே கதவருகே போயிருந்தேன். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. கோர்டன் எங்களுக்கு முதுகைக் காட்டி, மைதானத்தில் மழையிலும் பனியிலும் கழற்றாத கம்பளித் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தண்ணீர் கொதிக்கவைக்கச் சமையலறைக்குப் போனார்.

சூசை என் காதருகே குனிந்தார். குரல் நிஜமாகவே அதிர்ந்திருந்தது.

"அண்ணை, ஆளுக்குத் தலையிலை ஒரு மயிரும் இல்லை."